மாடியில் பதில் கிடையாது

"பதில் சொல்லும்மா!"

அந்த அறையில் கேட்கக் கூடாதது அது ஒன்றுதான். அழலாம், திட்டலாம், தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் வரிசையாக இறக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பதில் மட்டும் கேட்கக் கூடாது. படி ஏறும்போதே சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டில் அம்மாவும் முன்பே சொல்லியிருந்தாள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்த மகள், வாயைத் திறந்ததும் அதைத்தான் கேட்டாள்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா. இருவருக்கும் நடுவே ஒரு முக்காலி, அதன்மேல் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர். அம்மா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை.

"மாமா கீழ கடையில காத்துக்கிட்டு இருக்காரு. இப்ப என்கூட எறங்கி வரியா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

செவிடன் காதில் ஊதின சங்கு என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியவில்லை. அம்மாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறாள். எரிச்சல் அங்கேதான்.

வீட்டில் இவளுக்குப் பெயர் கிராஜுவேட். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால் வந்த பெயர். ஆரம்பத்தில் பெருமையாகச் சொன்னார்கள், பிறகு கேலியாக, இப்போது வெறும் பழக்கமாக. வைத்த பெயர் மாமாவுக்கும் அத்தைக்குமே மறந்திருக்கும். ஆஸ்பத்திரி, போலீஸ், கரண்ட் ஆபீஸ், எங்கே எந்த வேலை என்றாலும் "நம்ம கிராஜுவேட்டு பாத்துக்கும்." யாருக்காவது ஒரு மாத்திரையின் பெயர் படிக்க வரவில்லையென்றால் தூக்கத்தில் இருப்பவளைத் தட்டி எழுப்புவார்கள். நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. படித்தவளுக்கு என்ன குறை?

அவள் செய்கிற வேலை வாயை வாடகைக்கு விடுகிற வேலை. துணி துவைக்கும் மிஷின் கெட்டுப்போனவர்கள் போன் செய்வார்கள். இவள் காதில் மாட்டிய ஹெட்செட்டோடு, "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது" என்பாள். புரிந்துவிட்டதா என்று யாரும் சோதித்ததில்லை. ஆனால் பேச்சுக்கு நடுவில் கொஞ்ச நேரம் மௌனம் விழுந்தால் சூப்பர்வைசர் கண்ணாடித் தடுப்பைத் தட்டுவார். அந்த மௌனத்துக்கு ஆபீஸில் 'செத்த காத்து' என்று பெயர். போன வாரம் ஒரு கிழவர், மிஷினைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், அது மனைவி ஆசைப்பட்டு வாங்கியது என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். இவளும் நிறுத்திவிட்டாள். சூப்பர்வைசர் தட்டினார். "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது சார், மாடல் நம்பர் சொல்றீங்களா?" என்று கேட்டாள். கேட்டு முடித்ததும் தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். நீராவியில் போர்வை இஸ்திரி போடுகிற பெரிய உருளைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பாள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளிடம் பேச வேண்டுமென்றாலும் கையை ஆட்டித்தான் பேச வேண்டும். அப்பா இறந்துபோன பிறகு தாயும் மகளும் மாமா வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருக்கிறார்கள். மாமா கெட்டவர் இல்லை. வாடகை என்று ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் 'என் தங்கச்சி, என் வீடு, என் பேச்சு' என்ற மூன்றும் அவருக்கு ஒரே வார்த்தை.

அந்த மாமாவுக்கும் அம்மாவுக்கும்தான் முட்டிக்கொண்டது. முட்டிக்கொண்டது என்றுகூடச் சொல்ல முடியாது. அம்மா மரியாதை செய்யப் போனாள், அது அவமரியாதை ஆகிவிட்டது.

ஊரே சாமி கும்பிடப் போகிற பெரிய இடத்தில், கூட்டத்தை வரிசையில் விடுவது மாமாவின் பொறுப்பு. சம்பளமில்லாத வேலை, அவருக்கு அதுதான் உயிர். கையில் ஒரு சின்னக் குச்சியை வைத்துக்கொண்டு, "நகருங்க, நகருங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்று கத்தியே தொண்டை கட்டிப்போனவர். புதிதாக வந்த கமிட்டி, கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள யூனிஃபார்ம் போட்ட ஆட்களை வைத்துவிட்டு இவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டது. அன்று சாயங்காலம் அவர் தங்கையின் அறைக்கு வந்து உட்கார்ந்து புலம்பினார். அம்மா ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மாமா குடிக்கத்தான் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினார்.

"குடிக்க இல்லண்ணே. நீங்க பேசுங்க."

அவர் பேசினார். நன்றி கெட்டவர்கள் என்றார், வயசாகிவிட்டது என்று நேரடியாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றார், குரல் உடைந்தது, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீயே சொல்லு, இது நியாயமா?" என்றார். அம்மா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்னைத்தான் கேக்கறேன்." அப்போதும் டம்ளர்தான். அவர் பேசி ஓய்ந்ததும் அம்மா எழுந்தாள். டம்ளரை எடுத்துப் போய், ஜன்னலோரத்துச் செடிக்கு ஊற்றினாள்.

அவ்வளவுதான். வீடு இரண்டுபட்டது.

"என் வயித்தெரிச்சலைக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊத்துறியா நீ?" என்று மாமா குதித்தார். "யாரோ இவமேல ஏவி விட்டிருக்காங்க, கண்ணைப் பாருங்க, நம்மளைப் பாக்கவே இல்ல" என்று அத்தை எண்ணெய் ஊற்றினாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கிளறியதில் இந்த மாடி அறை வெளியே வந்தது. வேலை முடிந்து அம்மா நேரே வீட்டுக்கு வரவில்லை, எங்கேயோ தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிறாள், அங்கே ஒரு பொம்பளை கூட்டம் சேர்க்கிறாள் என்பதெல்லாம். மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாளைக்குச் சொந்தக்காரர்களெல்லாம் முன்பக்கத்து ஹாலுக்கு வருவார்கள். அவர்கள் முன்னால் அம்மா, "தப்புப் பண்ணிட்டேன், இனிமே அங்க போக மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அறைகளைக் காலி செய்ய வேண்டும்.

"நீ படிச்சவ. நீ சொன்னா கேப்பா" என்று கிராஜுவேட்டைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். அவளும் வந்தாள். மாமாவுக்காக மட்டும் இல்லை. தான் முட்டி மோதிப் படித்தது, அம்மா ஒரு கிண்ணத்தைக் கும்பிடுவதைப் பார்க்கவா என்று அவளுக்கே ஆத்திரம்.

கீழே குளியலறைச் சாமான் விற்கிற கடை. பக்கவாட்டுப் படி மேலே போகிறது. படியின் தலைமாட்டில் ரிசப்ஷன் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஒரு டாக்டரின் கிளினிக் வாசலில் காலமெல்லாம் டோக்கன் கொடுத்தவள். அதனால் வந்த பெயர். இந்த அறையை ஆரம்பித்தவள் அவள்தான்.

"நீங்கதான் சாமியாரம்மாவா?" என்றாள் கிராஜுவேட்.

"பாத்தா அப்படியா தெரியுது? முட்டி வலி இருக்கு, கொலஸ்ட்ரால் இருக்கு. சாமியாருக்கு இதெல்லாம் இருக்குமா?"

"எங்கம்மாகிட்ட பேசணும்."

"பேசு. ஆனா இங்க பேசுறதுக்கு ஒரு முறை இருக்கு. செருப்பைக் கழட்டு."

"தண்ணி கேக்குமா? தண்ணிக்குக் காது இருக்கா?"

"டயர் கடைக்காரர் இருக்குன்னு சொல்றாரு. பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குற பொண்ணு, பேசப் பேசத் தண்ணியோட நிறம் மாறுதுன்னு சொல்லுது. எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் தெரியல."

"பின்ன எதுக்கு இந்த வேஷம்?"

"கிளினிக்ல டாக்டரைப் பாக்க எல்லாரும் வருவாங்க. உள்ள போனா பேரு, வயசு, எங்க வலிக்குது, அடுத்த ஆளு. அதனால வாசல்லயே எங்கிட்ட முழுசாச் சொல்லிடுவாங்க. மருமக பேசமாட்டேங்குறா, தூக்கம் வரல, செத்துடலாம் போல இருக்கு, எல்லாம். நான் என்ன டாக்டரா? ஒண்ணும் சொல்லத் தெரியாம தண்ணி ஜாடியைப் பாத்துக்கிட்டு இருப்பேன். உள்ள போய் மருந்து வாங்கிக்கிட்டு வெளிய வரும்போது எனக்கு நன்றி சொல்லிட்டுப் போவாங்க."

"மருந்தை நிறுத்தச் சொல்லுவீங்களா இங்க?"

"நிறுத்தினா மாடி ஏறவே விடமாட்டேன். போன மாசம்கூட ஒருத்தரைத் திருப்பி அனுப்பினேன், சாபம் குடுத்துட்டுப் போனாரு." அவள் முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "உள்ள போ. ஒருத்தர் பேசணும், ஒருத்தர் கேக்கணும். கேக்குறவங்க பதில் சொல்லக் கூடாது, நீயும் பதில் கேக்கக் கூடாது. முடிஞ்சதும் மாத்தி உக்காரணும். உள்ள பேசினது இந்தப் படியைத் தாண்டி எறங்கக் கூடாது. அப்புறமா அதை வச்சு வீட்ல சண்டையும் போடக் கூடாது, மன்னிப்பும் கேக்கக் கூடாது."

இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தவள்தான் முதல் வார்த்தையிலேயே உடைத்துவிட்டாள்.

மூலைக்கு ஒரு ஜோடியாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். டயர் கடைக்காரர் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இவளுடைய கத்தலுக்கு ஒருவரும் திரும்பவில்லை. அதுவும் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"சரி, சொல்லாத. நானே சொல்றேன். நாளைக்கு நீ மன்னிப்பு கேக்கலன்னா நாம நடுத்தெருவுல நிக்கணும். என் சம்பளத்துல எந்த வீடு கிடைக்கும்? உனக்கு இந்தக் கிண்ணம் பெருசா, நான் பெருசா? சொல்லு. சொல்ல மாட்டே. வீட்டுலயும் இதே கதை. எதைக் கேட்டாலும் 'எல்லாம் சரியாயிடும்', இல்லன்னா 'சாப்பிட்டியா.' இந்த ரெண்டு வார்த்தையை வச்சே என்னை வளத்துட்ட நீ."

அம்மாவின் கண் தண்ணீரிலிருந்து நகரவில்லை. ஆனால் கழுத்து லேசாக முன்னால் வந்திருந்தது, இரைச்சலில் ஒரு வார்த்தையைப் பிடிக்கிறவர்களுக்கு வருமே, அதுபோல.

"நான் நாளெல்லாம் யார் யாருக்கோ பதில் சொல்லிட்டு வரேன். எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல. அடுத்த பரிட்சை எழுது, அதிகாரியாயிடலாம்னு மாமா சொல்றாரு. எனக்கு இன்னொரு பரிட்சை எழுத இஷ்டமில்ல. புஸ்தகத்தைப் பாத்தாலே வாந்தி வருது. இதை யார்கிட்ட சொல்றது? சொன்னா, 'இவ்வளவு படிச்சிட்டு இப்படிப் பேசுறா பாரு'ம்பீங்க. உங்க எல்லாருக்கும் நான் ஒரு ஏணி. ஏணிக்குக் கால் வலிக்கும்னு யாராவது நினைப்பாங்களா?"

சொல்லிவிட்டு நிறுத்தினாள். வழக்கமான அந்த வார்த்தை வரும் என்று உடம்பு தன்னாலேயே இறுகிக்கொண்டது: எல்லாம் சரியாயிடும். வரவில்லை. யாரும் கண்ணாடியைத் தட்டவும் இல்லை. அறையில் காற்றாடியின் சத்தம் மட்டும் இருந்தது. அவள் சொன்னது சொன்ன இடத்திலேயே நின்றது. யாரும் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் பேசினாள். தூக்கம் வராதது பற்றி, அந்தக் கிழவர் பற்றி. பிறகு பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

அம்மா எழுந்து கிண்ணத்தை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் பிடித்து வந்து வைத்தாள். நாற்காலியை மாற்றிப் போட்டாள்.

"நான் கிளம்பறேன்" என்று கிராஜுவேட் எழுந்தாள்.

வாசலிலிருந்து ரிசப்ஷன் அக்கா, "பேசினவங்க கேட்டுட்டுத்தான் எறங்கணும் தாயி" என்றாள். அதட்டலாக இல்லை. பஸ்ஸில் இடம் விடச் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் உட்கார்ந்தாள்.

அம்மா பேச ஆரம்பித்தாள். தண்ணீரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அண்ணன் வரிசை விட்டுக்கிட்டு இருந்த எடத்துக்கு நானும் போய்க்கிட்டுத்தான் இருந்தேன். வரிசையில நின்னு நின்னு கிட்ட போவேன். கையைக் கூப்பி ஒரு வார்த்தை எடுப்பேன், 'நகருங்க நகருங்க'ன்னு அண்ணனே தள்ளிவிட்டுடுவாரு. தங்கச்சின்னுகூடப் பாக்க மாட்டாரு, அவ்வளவு நேர்மை." அம்மாவின் வாயோரத்தில் சிரிப்பு வந்து போனது. "சாமிகிட்ட இதுவரைக்கும் நான் ஒரு சொல்லையும் முடிச்சதில்ல. அது சாமி குத்தமில்ல. கூட்டம் அப்படி."

கிராஜுவேட்டுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு அண்ணன் அழுதப்ப, எனக்குத் தெரிஞ்ச பெரிய மரியாதையைச் செஞ்சேன். அவருக்கு அது புரியல. பாவம்."

பிறகு இன்னும் தணிந்த குரலில், மகளைப் பற்றித் தண்ணீரிடம் சொன்னாள்.

"இவ படிக்க ஆரம்பிச்சப்ப எங்களுக்கு ஒரே ரூமு. இவ மூலையில உக்காந்து படிப்பா. நாங்க சத்தம் போடக் கூடாது. ரேடியோவை வித்துட்டோம். இவங்கப்பாவும் நானும் ஜாடையிலதான் பேசிக்குவோம், உப்பு வேணும்னா நாக்கைத் தொட்டுக் காட்டுவாரு. பாத்திரத்தைத் துணி விரிச்சு அதுமேல வைப்பேன். நானா இஷ்டப்பட்டுத்தான் செஞ்சேன், யாரும் சொல்லல. இவ பாஸ் ஆகி ஆகி மேல போனா. ஒருநாள் படிப்பு முடிஞ்சிடுச்சு. சரி, இனிமே பேசலாம்னு பாத்தேன். பேச வரல. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு மறந்துபோச்சு. இவளும் காதுல அந்த மிஷினை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டு, வீட்டுக்கு வந்தா பேச்சுன்னாலே மொகத்தைத் திருப்பிக்குவா. சாப்பிட்டியான்னு கேப்பேன். அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

கிராஜுவேட்டின் நாக்கு நுனிக்கு எத்தனையோ வந்தது. எனக்குத் தெரியாதும்மா. நீ ஏன் சொல்லல? ரேடியோவை வித்தீங்களா, காணாமப்போச்சுன்னுல்ல சொன்னீங்க? ஒன்றும் கேட்கக் கூடாது. தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். நிறமும் மாறவில்லை, ஒரு மண்ணும் மாறவில்லை, குழாய்த் தண்ணீர். அதைப் பார்க்கவில்லையென்றால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"இங்க வந்து மொத தடவை நான் பேசினது என்ன தெரியுமா? சலவைக்கூடத்துல போர்வை மடிக்கிறதைப் பத்தி. வேற எதுவும் தெரியல. அதையே ரொம்ப நேரம் சொன்னேன். டயர் கடைக்காரர் கடைசி வரைக்கும் கேட்டாரு." அம்மா மூச்சை இழுத்து விட்டாள். "ரூமு போயிடும்னு பயமா இருக்கு. எனக்காக இல்ல, இவளுக்காக. இவ சொல்லிட்டான்னா நாளைக்கு எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லிடுவேன். வாயை மூடுறது எனக்குப் புதுசா என்ன? ஒருதடவை மூடினவதான். மறுபடி மூடிக்கலாம்."

அம்மா முடித்துவிட்டாள்.

கிராஜுவேட் எழுந்து கிண்ணத்தைத் தூக்கினாள். தண்ணீர் சுடிதாரில் சிந்தியது. தொட்டியில் கொட்டினாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா நாற்காலியை நேராக்கிக்கொண்டிருந்தாள். அடுத்து யாரோ காத்திருந்தார்கள், கையில் சாவிக்கொத்தோடு ஒரு டாக்ஸி டிரைவர், கண் சிவந்திருந்தது. "வாங்க தம்பி, உக்காருங்க" என்றாள் அம்மா. வீட்டில் எந்த விருந்தாளிக்கும் அவ்வளவு தெளிவான குரலில் அம்மா வா என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

படியில் ரிசப்ஷன் அக்கா எதுவும் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. இந்தக் கிண்ணத்தில் கிராஜுவேட்டுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, வரவும் வராது. ஆனால் எந்த ஆபீஸிலும், எந்த வரிசையிலும் கிடைக்காத ஒன்று இந்த மாடியில் கிடைக்கிறதென்றால் ஜனங்கள் முட்டி வலியோடு படி ஏறத்தான் செய்வார்கள். ஏமாந்தவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அவளும் இன்று காலைவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கீழே கடைக்காரர் மாமாவை மரியாதையாக உட்கார வைத்திருந்தார். கடையில் உட்கார வேறு எதுவும் இல்லாததால், விலைச்சீட்டு ஒட்டிய ஒரு புது வெஸ்டர்ன் டாய்லெட்டின் மூடிமேல். மாமா அதில் நிமிர்ந்து, மேடையில் தலைவர் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"எங்க அவ? வராளா?"

"வரல மாமா."

"நாளைக்குச் சொல்லிடுவாளா?"

"சொல்ல மாட்டாங்க. ரூமைக் காலி பண்ணிடுறோம்."

"யாரு, அவளா சொன்னா? அவளுக்கு அவ்வளவு தைரியமா?"

"அம்மா உங்களுக்கு ஒரு பதிலும் சொல்லல. நான் சொல்றேன்."

மாமாவுக்கு மூக்கு விடைத்தது. "உன்னை எதுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன், நீ என்ன பண்ணிட்டு வந்திருக்க? படிச்ச புள்ள பேசுற பேச்சா இது? தண்ணியைக் காட்டி உன்னையும் மயக்கிட்டாளா அந்தப் பொம்பளை?"

"மயங்கல மாமா. நல்லா முழிச்சிக்கிட்டுத்தான் பேசறேன். நீங்க எங்களுக்கு நல்லதுதான் செஞ்சீங்க. அதை நான் எங்கயும் மறைக்க மாட்டேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா உங்க வேலை போன அன்னிக்கு, வீட்ல யாராவது நீங்க சொன்னதை முழுசாக் கேட்டாங்களா? அத்தை கேட்டாங்களா? நான் கேட்டேனா? ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு உள்ள போயிட்டேன்."

மாமா துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். கடைக்காரர் ஒரு குழாயைத் துடைப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க போவீங்க?" என்றார் மாமா கடைசியில். அந்தக் கேள்வியில் பாதி மிரட்டலும் பாதி கவலையும் இருந்தன. எது எந்தப் பாதி என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"பாத்துக்கறோம்."

"மேல ஏறி நானே அவளை இழுத்துக்கிட்டு வரேன் பாரு."

"ஏறுங்க. செருப்பைக் கழட்டிட்டு ஏறணும்."

அவர் படியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றார். அவள் அதற்குமேல் நிற்கவில்லை. சாயங்காலக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் வாடகைக்கு வீடு என்று பலகைகள் தொங்குவதைப் பார்த்த ஞாபகம். கடையை விட்டு இறங்கி, அந்தப் பக்கமாக நடந்தாள்.